சுவரைப் பார்த்துத் தொங்கிய விதி

"வசிக்கும் வீட்டோடு ஒட்டிய தொழிற்கொட்டிலில் நெருப்பு வைப்பதாயின், அந்நெருப்பு கொட்டிலுக்கு வெளியே இருத்தல் வேண்டும், அதன் புகை கூரைக்கு மேலே வெளியேறுதல் வேண்டும்."

எங்கள் பகுதிச் சபை அந்நாளில் வழங்கிய தொழில் அனுமதிப் பத்திரத்தின் பின்பக்கத்தில் இருந்த நான்காம் பிரிவு இது. எழுத்து மிகச் சிறியது, ஆனால் நல்ல விதி. முப்பத்து நான்கு வருடம் அரச அலுவலகங்களில் கோப்புப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட பிரிவுகள் அதற்குப் பிறகு என் கைக்கு அதிகம் வரவில்லை. அதில் ஒரேயொரு குறைதான். வாப்பா அந்தப் பத்திரத்துக்குக் கண்ணாடி போட்டுச் சட்டமடித்துக் கராஜுக்குள் மாட்டியிருந்தார். முன்பக்கம் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்களான உங்களில் பலரும் என்னைப் போன்றவர்கள்தான். காலை மருந்துக் குளிசையை மறந்துவிடுவோம், நாற்பது வருடத்துக்கு முந்திய சுற்றுநிருபத்தின் இலக்கத்தை மறக்கமாட்டோம். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கும் இதில் சுவை இராது.

போன மாதம் கனடாவிலிருந்து என் மகன் பேசினான். வீட்டோடு சேர்ந்த கராஜில் மரவேலை செய்வது அவனுக்குப் பொழுதுபோக்கு. பனிக்காலத்தில் உள்ளே நிற்க முடியவில்லையாம்.

"கேஸ் ஹீட்டர் ஒண்டு வாங்கப் போறன் உம்மா."

"அதுட புகைக்குழாய் எங்கால போகுது?"

"அதுக்குக் குழாயே தேவையில்ல. புகை வராதாம்."

இதே வார்த்தைகளை நான் பன்னிரண்டு வயதில் கேட்டிருக்கிறேன்.

*

எங்கள் கராஜுக்குள் கார் நின்றதே இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வாப்பாக்காரர் வீடு கட்டி எழுதிக் கொடுப்பார், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். உம்மாவின் வாப்பா வீட்டையும் கட்டினார், மாப்பிள்ளைக்குப் பேசிய காருக்கு ஒரு கராஜும் கட்டினார். கார் வருவதற்குமுன் வியாபாரம் கவிழ்ந்தது. கராஜ் மட்டும் மிஞ்சியது. தகரக் கூரை, இரட்டைப் பலகைக் கதவு, வீட்டின் ஓரத்து அறையோடு ஒற்றைக் கல் சுவர்.

வாப்பாவைச் சீண்ட நினைத்தவர்கள் கார் எங்கே என்று கேட்பார்கள். "கார் இல்லாட்டி என்ன, மோட்டர் இரிக்கிதானே" என்பார் வாப்பா. அவர் தொழிற்சாலை ஒன்றில் மின்மோட்டர் சுற்றப் பழகியவர். எரிந்துபோன மோட்டரின் வயிற்றிலிருந்து கருகிய செப்புக் கம்பியை உருவியெடுத்து, புதுக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி, காடி என்கிற இரும்புப் பள்ளங்களில் தாள் வைத்து இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு அதை எங்கள் கராஜில் தொடங்கியபோது, மனைவியின் வீட்டில் குந்தியிருக்க ஆசைப்பட்டுவிட்டார் என்று ஊர் சொன்னது. அனுமதிப் பத்திரத்துக்குச் சட்டமடித்து மாட்டியது அதற்குப் பதிலாகத்தான்.

கம்பியின் பருமன் பார்க்கும் அளவுகோல் ஒன்று வைத்திருந்தார். நீல மெத்தை வைத்த சின்னப் பெட்டிக்குள் அது படுத்திருக்கும். அதை நாங்கள் தொடக்கூடாது. உம்மாவின் காதணிப் பெட்டி அதைவிடச் சாதாரணமானது. இப்போது இரண்டு பெட்டியும் இல்லை. சுனாமியாகக் கடல் வந்த காலையில் போயின.

வெயில் காலத்தில் அந்தக் கராஜுக்குள் நிற்க முடியாது. ஆனால் மாரி வேறு கதை. வாடைக் காற்று தொடங்கினால் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் எங்கள் கரையில் எதுவும் காயாது. தொழுகைப் பாய் நனைந்த நாய் மாதிரி மணக்கும். தீக்குச்சி உரசினால் மருந்து உரிந்து வரும். மோட்டருக்குள் வைக்கிற தாளோ காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும். ஈரத் தாளோடு மோட்டரைப் பூட்டி மின்சாரம் கொடுத்தால் அன்றைக்கே எரியும். குளிர் நாட்டுக்காரன் கை விறைக்கிறது என்று கராஜைச் சூடாக்குகிறான். வாப்பாவுக்குக் கை விறைக்கவில்லை, தாள் காயவேண்டியிருந்தது.

*

அந்த மாரியில் இரண்டு விசயங்கள் ஒன்றாக வந்தன. ஒன்று தம்பி பிறந்தது. மற்றது மில் முதலாளியின் மோட்டர்.

வயல் பக்கத்திலிருந்த அந்த நெல் ஆலையின் மோட்டரை நான்கு பேர் உழவு இயந்திரத்துப் பெட்டியிலிருந்து இறக்கினார்கள். அவ்வளவு பெரிய மோட்டரை வாப்பா தனியாகச் சுற்றியதில்லை. முதலாளி மழையில்லாதபோதும் குடை விரித்துக்கொண்டு நடக்கிற மனிதர். கராஜுக்குள்ளும் குடையை மடக்காமல் நின்று சொன்னார்.

"அறுவடை தொடங்க முன்னம் இது ஓடணும். ஓடாட்டி கொழும்புக்கு அனுப்பிருவன். என்டத அனுப்பினா மத்த மில்காரனும் அனுப்புவான். அதுக்குப் பொறவு நீங்க இதுக்குள்ள காரத்தான் வெக்கணும்."

"இன்ஷா அல்லாஹ் ஓடும்" என்றார் வாப்பா.

கார்த்திகை முடிவில் ஒரு முறை சுற்றி முடித்து, மின்சாரம் கசியாமல் தடுக்கிற காப்பைச் சோதித்தார். அதற்கு ஒரு கருவி இருந்தது, கையால் சுழற்றினால் முள் நகரும். சுழற்றினார். முள் எழும்பவில்லை. தாள் முழுக்க ஈரம். மின்குமிழ்களை உள்ளே எரியவிட்டுக் காயவைக்கலாம் என்றால், மழை தொடங்கியதிலிருந்து மின்சாரம் வந்த நேரத்தைவிடப் போன நேரம்தான் அதிகம். எல்லாவற்றையும் உருவி இரண்டாம் தரம் தொடங்கினார். அந்தளவு கம்பி வாங்க மூன்றாம் தரம் வழியில்லை.

உம்மா அப்போது ஓரத்து அறையில் நாற்பது இருந்தார். பிள்ளைபெற்றவர் நாற்பது நாள் அறையை விட்டு வெளியேறுவதில்லை. தம்பியைக் குளிப்பாட்டியதும், பக்கத்து வளவிலிருந்து பெரியும்மா, உம்மாவின் மூத்த ராத்தா, தணல் சட்டியோடு வருவார். சாம்பிராணி தூவி, தம்பியின் தலைமுடியைப் புகையில் காட்டிக் காயவைப்பார். பிறகு சட்டி உம்மாவின் கட்டிலடியில் இருக்கும். அந்தச் சூட்டை ஒருநாள் வாப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"மச்சி, இந்தத் தணல் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"சிரட்டைக் கரியெண்டா அரை நாள் நிக்கும். என்னத்துக்கு?"

"கராஜுக்கு."

"வெய்யுங்களன். புகை வராது. புள்ளப்பெத்த அறைக்குள்ளயே வெச்சிரிக்கம், பச்சப் புள்ளைக்கே ஒண்ணும் ஆகல்ல."

அவரில் பிழை சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த சாட்சியத்தை வைத்துத்தான் சொன்னார். ஆனால் உம்மாவின் அறைக்கு ஓட்டுக் கூரை. மழையே உள்ளே வரும், இரண்டு இடத்தில் கோப்பை வைத்திருந்தோம். கராஜில் வாப்பா கதவிடுக்கில் சாக்குத் திணித்திருந்தார், கூரைக்கும் சுவருக்கும் இடையில் தார் பூசியிருந்தார், சுவரில் எறும்பு போகிற ஓட்டையைக்கூட மெழுகால் அடைத்திருந்தார். ஈரக்காற்று வரக்கூடாதென்று செய்தது. மூன்று சட்டி தணலை வைத்துவிட்டு உள்ளே குந்தினார். தாள் மொறுமொறுவென்று காய்ந்தது. நானும் போய் நின்று பார்த்தேன். வார்னிஷும் கரியும் சேர்ந்த மணம். தலை லேசாகக் கிறுகிறுத்தது, அது எனக்குப் பிடித்திருந்தது.

*

சுருள் சுற்றும்போது எண்ணிக்கை பிசகக்கூடாது. ஒரு சுற்றுக் கூடினாலும் குறைந்தாலும் மோட்டர் முனகும். வாப்பாவுக்குக் கை சுத்தம், எண்ணிக்கை மறந்துபோகும். ஆகவே கராஜில் தொழில் தொடங்கிய வருடத்திலிருந்து அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. பத்துச் சுற்று முடிய வாப்பா "பத்து" என்பார். சுவருக்கு இந்தப் பக்கமிருந்து உம்மா "ஓம்" என்று சொல்லி, ஒரு புளியங்கொட்டையைத் தட்டில் போடுவார். சுருளுக்கு இத்தனை கொட்டை என்று கணக்கு. நாற்பதிலும் அது நிற்கவில்லை. மழை லீவில் பள்ளிக்கூடம் இல்லாததால் கொட்டை போடுகிற வேலை எனக்கு வந்தது. ஓம் சொல்கிற வேலையை உம்மா யாருக்கும் கொடுக்கவில்லை.

இருபத்தோராம் நாள், லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "பத்து" வந்தது. "ஓம்." மறுபடி "பத்து." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் சந்தோசப்பட்டேன், கொட்டையை வைத்துச் சுண்டி விளையாடலாமென்று.

"என்ன, சத்தத்தக் காணல்ல?" என்றார் உம்மா.

"தொழப் போயிருப்பார்."

"பாங்கு சொல்லல்ல. சுருளுக்கு நடுவுல எழும்புற மனிசனுமில்ல அவர்." பிறகு சுவரைத் தட்டினார். "இஞ்சேருங்க."

மழைச் சத்தம் மட்டும்தான்.

உம்மா தம்பியை என் மடியில் வைத்தார். எழும்பி, அறைப் படியைத் தாண்டி, நடையால் ஓடினார். கராஜுக்குப் போகும் சின்னக் கதவைத் தள்ளினார். சாக்கு இறுக்கியதால் அது திறக்கவில்லை. தோளால் இடித்தார். உள்ளே வாப்பா சுற்றும் கட்டையின்மேல் கவிழ்ந்து கிடந்தார். கம்பி இன்னும் விரலில் இருந்தது.

பிள்ளைபெற்று மூன்று கிழமையான ஒரு பெண் தன்னைவிட ஒன்றரை மடங்கு பாரமான மனிதரை எப்படி இழுத்தார் என்று கேட்காதீர்கள். கதவிடுக்கில் இருந்த அதே சாக்கில் உருட்டிப் போட்டு இழுத்தார். நான் தம்பியோடு நடையில் நின்று பார்த்தேன். முற்றத்து மழையில் போட்டதும் வாப்பா வாந்தி எடுத்தார். உம்மா அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி இருந்தார்.

சத்தம் கேட்டுப் பெரியும்மா ஓடிவந்தார். வாப்பாவைப் பார்க்குமுன் உம்மாவைத்தான் பார்த்தார்.

"என்னகா இது. நாப்பது முடியல்லயே, ஏன் வெளிய வந்த?"

"நாப்பது முடியட்டும் எண்டு இருந்திருந்தா, இத்தாவுலதான் எழும்பியிரிக்கணும்."

கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருப்பதுதான் இத்தா. பெரியும்மா வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரிய மோட்டரைப் பார்த்து யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்றார்கள். பூட்டிய இடத்தில் வேறு ஏதோ குடியிருக்கிறது என்றார்கள். மருந்துச்சாலை ஐயா நாடி பார்த்து, இரத்தம் போதாது, ஈரல் வாங்கிச் சமைத்துக் கொடுங்கள் என்றார். வாப்பாவே மூன்று நாளும் தலைவலியைப் பிடித்துக்கொண்டு, தூங்கிவிட்டேன் போல என்றார். அந்த வாயுவின் பெயரை நான் உயர்தர வகுப்பில்தான் படித்தேன். நிறமில்லை, மணமில்லை. கரித் தணலிலிருந்து வரும், மூடிய இடத்தில் சேரும், ஆளைத் தூங்கவைக்கும். உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஈரலைச் சமைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தணல்தான். என்ட அறையில அது ஓட்டால போகுது. அங்க போறதுக்கு வழியில்ல, அதால உங்களுக்குள்ள போயிரிக்கி."

*

மிச்ச நாட்களை அறைக்குள்ளேயே முடிப்பதாக உம்மா பெரியும்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். அங்கிருந்து கராஜின் பின்சுவர் தெரியும்.

முதல் கட்டளை, நெருப்பு உள்ளே வராது என்பது. சூடு மட்டும் வரலாம். அதற்கொரு குழாய் வேண்டும். மில் முதலாளி மோட்டரைப் பார்க்க வந்தபோது, வாப்பா மயங்கிக் கவிழ்ந்த கதையை ஏற்கெனவே கேட்டிருந்தார். கொழும்புக்கு அனுப்பத்தான் வந்தாரென்று நினைக்கிறேன். உம்மா ஜன்னலுக்குள்ளிருந்து கதைத்தார்.

"நெல் அவிக்கிற பொயிலர் ஒண்டு பழசு உங்கட மில்லுக்குப் பின்னால கிடக்காமே."

"கிடக்கு. அதுக்கு என்ன?"

"அதுக்குள்ள நீளக் குழாய் இரிக்கும். நல்லதா ஒண்டு தாங்க. உமியும் தாங்க, பத்துச் சாக்கு."

"மோட்டர் சுத்தத் தந்தது நான். இப்ப குழாயும் நான் தரணுமா?"

"மோட்டர் உங்கடதானே. எங்கட மோட்டரெண்டா எங்கட குழாயப் போட்டிருப்பம்."

முதலாளி அன்றைக்குத்தான் குடையை மடக்கினார். அடுத்த நாள் குழாய் வந்தது.

பின்வளவில் தகரப் பந்தல் போட்டு, அதன்கீழ் பழைய எண்ணெய்ப் பீப்பாயை வைத்தார்கள். பீப்பாய்க்கு நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியை இறுக்கி, போத்தலை மெதுவாக உருவினால் நடுவில் துளை விழும். அடியில் கொள்ளி வைத்தால் உமி அரைநாள் நின்று எரியும். மேலே மூடி. மூடியிலிருந்து குழாய் சுவரைத் துளைத்துக் கராஜுக்குள் நுழைந்து, நீளச் சுவரோரமாகப் போய், மறுபக்கச் சுவரால் வெளியேறிக் கூரைக்கு மேலே நிமிரும். புகை குழாய்க்குள்ளேயே வந்து குழாய்க்குள்ளேயே போய்விடும். மூட்டுகளுக்குச் சாம்பலும் களிமண்ணும் குழைத்துப் பூசினார்கள்.

வாப்பா தொழில்காரர் ஆயிற்றே, குழாயை நீர்மட்டம் வைத்து ஒரு நூல் பிசகாமல் பொருத்தினார். கொள்ளி வைத்ததும் புகையெல்லாம் திரும்பிப் பீப்பாயின் அடிவாயால் வந்தது. ஜன்னலிலிருந்து உம்மா சொன்னார்:

"வாய்க்கால் வெட்டுறவன் தண்ணிக்கு இறக்கம் பார்க்கான். நீங்க புகைக்கு ஏத்தம் பார்க்கணும். அங்கால் தலைய ஒரு கல்லு உசத்துங்க."

உயர்த்தினார்கள். குழாய் ஒரு முறை இருமியது. பிறகு கூரைக்கு மேலே வெள்ளைப் புகை எழும்பி, வாடைக் காற்றில் வளைந்து, கடலைப் பார்க்கப் போகாமல் பெரியும்மாவின் கொடியில் கிடந்த துணிகளைப் பார்க்கப் போனது.

அதோடு உம்மா விடவில்லை. வார்னிஷ் தகரம் கராஜுக்குள் இருக்கக்கூடாது, பீப்பாய்ப் பக்கமும் போகக்கூடாது. வார்னிஷ் ஊற்றுகிற அன்றைக்கு நெருப்பே கிடையாது, முதலில் மோட்டரைச் சூடாக்கி, உமியை அணைத்து, கதவை அகலத் திறந்துவிட்டுத்தான் ஊற்றவேண்டும். குழாயிலிருந்து இரண்டு முழத்துக்குள் பலகையோ சாக்கோ இருக்கக்கூடாது. வாசலில் ஒரு வாளி மணல். கடைசியாகச் சுவரில் இரண்டு ஓட்டை, ஒன்று நிலத்தோடு, ஒன்று கூரையோடு.

"சூடெல்லாம் போயிருமே" என்றார் வாப்பா.

"போனாப் போகட்டும். நீங்க போகாம இருந்தாச் சரி."

நான் பிறகு எத்தனையோ பாதுகாப்புச் சுற்றுநிருபங்களைத் தட்டச்சுச் செய்திருக்கிறேன். ஒரு பெண் ஜன்னலிலிருந்து பத்து நாளில் சொன்னதைவிட ஒன்றும் அதிகம் இருந்ததில்லை. இணைப்புகள் மட்டும் அதிகம்.

*

நாற்பது முடிந்து இரண்டாம் நாள் சபையின் பரிசோதகர் வந்தார். யாரோ பெயர் போடாமல் பெட்டிசம் எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, முதலில் பீப்பாயைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து குழாய்க்குக் கிட்டக் கையை வைத்தார், இரண்டு ஓட்டையையும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார், மணல் வாளியைக் காலால் தட்டினார்.

"வடிவாத்தான் செய்திருக்கிறியள். ஆர் சொல்லித் தந்தது?"

வாப்பா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பரிசோதகர் அனுமதிப் பத்திரத்தைக் கேட்டார். சட்டத்தைக் கழற்றிக் கொடுத்ததும், அவர் அதைக் கவிழ்த்து, ஆணிகளைப் பேனாக்கத்தியால் நெம்பி, பத்திரத்தை வெளியே எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தார். வசிக்கும் வீட்டோடு ஒட்டிய தொழிற்கொட்டிலில் நெருப்பு வைப்பதாயின்.

நான்கு வருடமாக அது அங்கேயே, வாப்பாவின் தலைக்கு இரண்டடி மேலே இருந்திருக்கிறது. உம்மா அதைப் பார்த்ததில்லை. பார்க்காமலே அதைச் சொல்லுக்குச் சொல் கட்டி முடித்திருந்தார்.

"நாலாம் பிரிவில உங்களில குற்றமில்லை" என்றார் பரிசோதகர். "ஆனா அஞ்சாம் பிரிவு ஒண்டு கிடக்கு. சுவரை உடைச்சுக் குழாய் விடுறதெண்டா எழுத்தில அனுமதி எடுக்கவேணும். விண்ணப்பம் போடுங்கோ. பதில் வரும்வரைக்கும் பாவிக்கக் கூடாது."

"பதில் எப்ப வரும் ஐயா?"

அவர் நேர்மையான மனிதர். பதில் சொல்லவில்லை. வீட்டு உரிமையாளர் என்று போட்டு, வாப்பாவின் பெயரை எழுதி, தடைக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அறுவடைக்கு மூன்று கிழமை இருந்தது. சுருள்கள் இறக்கி முடிந்திருந்தன. அடுத்ததாக மோட்டர் நாள்கணக்கில் சூட்டில் இருக்கவேண்டும். வாப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டருக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். மில் முதலாளி இரண்டு தடவை ஆளனுப்பியிருந்தார்.

உம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "மகள், அந்தக் கடுதாசிய வாசி."

வாசித்தேன்.

"ஆரட பேர் கிடக்கு?"

"வாப்பாட."

"வீட்டுக்காரன் எண்டா போட்டிரிக்கி?"

"ஓம். வீட்டு உரிமையாளர்."

"வீடு என்ட. எனக்கு ஒரு கடுதாசியும் வரல்ல." வாப்பாவைப் பார்த்தார். "நீங்க அரசாங்கத்துக்குப் பணிஞ்சி நடங்க. பீப்பாய்ப் பக்கம் வரவேணாம், ஒரு பிடி உமியும் தொடவேணாம். நான் என்ட வளவுல நெருப்பு மூட்டுறன்."

வேறு ஊரிலிருந்து வந்த உத்தியோகத்தர் விடக்கூடிய பிழை அது. வீட்டில் ஆண் நின்றால் வீடு அவருடையது என்று எழுதிவிட்டார். நான் வேலையில் இருந்த காலத்தில் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால், "உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து உம்மாவின் வாதத்தை ஒரு நிமிடத்தில் முடித்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சொல் அங்கே இல்லை. சட்டத்தை அதில் எழுதியிருக்கிறபடிக்கு வாசிக்க நான் முதன்முதலில் படித்தது அங்கேதான், ஈர உமி மணக்கிற கையோடு நின்ற ஒரு பெண்ணிடம்.

உம்மா அதிகாலையிலும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் பீப்பாயை நிரப்பினார். வாப்பா கராஜுக்குள் நின்று மோட்டரைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அந்த ஆறு நாளும் அவர் பின்வளவுக்கு ஓர் அடி வைக்கவில்லை. கிணறு அந்தப் பக்கம், எனவே பெரியும்மா வீட்டில் குளித்தார்.

ஏழாம் நாள் உம்மா நெருப்பை அணைக்க, வாப்பா கதவைத் திறந்து வார்னிஷ் ஊற்றினார். இன்னும் நான்கு நாள் சூடு. பிறகு காப்புச் சோதிக்கும் கருவியை எடுத்து, கைபிடியை உம்மாவிடம் கொடுத்தார். "நீ சுத்து." உம்மா சுழற்றினார். முள் எழும்பி, போய், மறுகரையில் முட்டி நின்றது. தோளில் தம்பி கத்தினான்.

மில்லில் மோட்டரைப் பூட்டிய அன்று நானும் போனேன். சுவிட்சைப் போட்டதும் பெல்ட் ஒருமுறை அறைந்து, பிறகு வரிசைபிடித்து ஓடியது. வாப்பா மோட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்தார், முனகல் இருக்கிறதா என்று. இல்லை. முதலாளியும் கையை வைத்துப் பார்த்தார்.

"கார விட நல்ல சாமான்தான் உங்கட கராஜுக்குள்ள இருந்திரிக்கி" என்றார்.

"மோட்டரையா சொல்றீங்க?" என்றார் வாப்பா.

"இல்ல" என்றார் முதலாளி. "உங்கட வீட்டுக்காரிய."

*

விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். கனம் ஐயா என்று தொடங்கி, கோடு போட்ட தாளில், வகுப்பில் முதற்பரிசு வாங்கிய எழுத்தில். நெருப்பு இருக்குமிடம், குழாயின் நீளம், ஏற்றம், இரண்டு ஓட்டை, மணல் வாளி எல்லாம் எழுதினேன். ஒரு பிழையும் விட்டேன். பரிசோதகர் எழுதியபடியே விண்ணப்பதாரர் வாப்பா என்று எழுதிவிட்டேன். உம்மாவின் வாதத்தை மெச்சிய அதே கை, அதே மேசையில் செய்த பிழை. உரிமை உறுதிப் பத்திரம் இல்லாத விண்ணப்பம் எங்கே போய்ப் படுக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒவ்வொரு தையிலும் ஒரு நினைவூட்டல் எழுதினேன். பென்சில் எழுத்து பேனா எழுத்தானது, பேனா எழுத்து தட்டச்சானது. அந்தப் பரிசோதகர் மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவர்கள் குழாயைப் பார்த்தார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். கூரைக்கு மேலே மாரிக்கு மாரி புகை எழும்பியது. மில்காரர் யாரும் கொழும்புக்கு மோட்டர் அனுப்பவில்லை. அந்தக் கராஜுக்குள் பிறகு யாரும் மயங்கி விழவுமில்லை.

எனக்குக் கல்யாணம் வந்தபோது வீட்டை உம்மா என் பெயருக்கு எழுதினார். கராஜுக்குக் கார் பேசவேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம், இடமில்லை என்று. சபையின் வரி இடாப்பில் பெயரை மாற்ற உறுதிப் பிரதியோடு விண்ணப்பித்தேன். அதற்காகப் பழைய கட்டைப் பிரித்த யாரோ ஒரு லிகிதர், அடியில் கிடந்த கோடு போட்ட தாளைக் கண்டு, உறுதிப் பிரதியோடு சேர்த்து மேலே அனுப்பியிருக்கவேண்டும். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் நான் மரியாதை வைத்திருக்கிற சிலரில் அவரும் ஒருவர்.

கனடா மகனுக்குப் போனில் இதெல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டான். அடுத்த கிழமை ஒரு படம் அனுப்பினான். ஹீட்டர் கராஜுக்கு வெளிச்சுவரில், அதன் குழாய் கூரைக்கு மேலே, உள்ளே அந்த வாயுவைக் கண்டால் கத்துகிற சின்னக் கருவி. படத்தின் கீழே, "அங்கால் தலை ஒரு கல்லு உசத்தி" என்று எழுதியிருந்தான்.

அவன் பிறந்த நாற்பதில்தான் சபையின் பதில் வந்தது. நான் அதே ஓரத்து அறையில் இருந்தேன். கூரை ஓடுகளை அப்போதும் மாற்றியிருக்கவில்லை, கோப்பை இரண்டும் அதே இடத்தில் இருந்தன. பின்வளவில் உம்மா பீப்பாய்க்கு உமி இறுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு அப்பால் வாப்பா ஒரு தண்ணீர்ப் பம்பின் மோட்டரைச் சுற்றிக்கொண்டிருந்தார், கொஞ்சம் மெதுவாக. பத்து என்றார். ஓம் என்றேன். கொட்டையைத் தட்டில் போட்டேன். தபால்காரர் மழையங்கியோடு வந்து ஜன்னலால் நீட்டினார்.

முதற்பக்கத்தில் என் பெயர், வீட்டு உரிமையாளர் என்று, சரியாக. மேற்படி விண்ணப்பம் சாதகமாகப் பரிசீலிக்கப்பட்டுள்ளது. நிபந்தனை ஒன்று: நெருப்பு கொட்டிலுக்கு வெளியே இருத்தல் வேண்டும், அதன் புகை கூரைக்கு மேலே வெளியேறுதல் வேண்டும்.

வாப்பா சுற்றுவதை நிறுத்தியிருந்தார். தாள் சரசரத்தது கேட்டிருக்கும்.

"சபையிலிருந்தா மகள்?"

"சபையிலிருந்துதான்."

"என்ன சொல்றாங்களாம்?"

"ஓமாம், வாப்பா."

பின்வளவில் உமியை இறுக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. நான் கடிதத்தின் வலது மூலையில், வந்தவற்றுக்கெல்லாம் பிற்காலம் முழுவதும் செய்தது போல, பெறப்பட்டது என்று எழுதித் திகதியிட்டேன். சனவரி பதினேழு, வியாழக்கிழமை.